ஜுவாராவில் மூன்று இரவு: நீச்சல் தெரியாதவள் எழுதும் தியோமான் விமர்சனம்

நால்வருக்கும் ஒரே சமயத்தில் நான்கு நாள் விடுப்புக் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. சிங்கப்பூரில் ஒரே மருத்துவமனையில் தாதியராக இருக்கிறோம். அங் மோ கியோவில் ஒரே வீட்டில் இரண்டு அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். இருந்தும் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் இரவு வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது தஞ்சாவூர்க்காரி காலை வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்பாள். பால் தீர்ந்துவிட்டது, வாடகைப் பணம் மேசையில் இருக்கிறது என்பதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்தான்.

அதனால் இந்த நான்கு நாளை எங்கே செலவழிப்பது என்று நிறையவே யோசித்தோம். இந்தோனேசியத் தீவான பிந்தான் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பார்த்த முகங்களையே அங்கேயும் பார்ப்போம் என்றாள் பிலிப்பைன்ஸ் தோழி. பாங்காக் என்றால் விமானச் செலவு. எங்களில் மூத்தவர் மலேசியாவின் ஈப்போக்காரர். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் "தியோமான் போவோம், அதுவும் ஜுவாரா பக்கம்" என்று பேச்சை முடித்துவைத்தார். தியோமான் மலேசியத் தீவு, ஜுவாரா அதில் ஒரு கிராமம். ஜூலை முதல் வாரத்தில் போய் மூன்று இரவு தங்கி வந்தோம்.

தங்கிய விடுதியின் பெயரை எழுதவில்லை. ஆறு மரக்குடில்களை வைத்து ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன இடம் அது. நல்லதோடு குறையும் சொல்லப்போகிறேன், அது அவர்கள் பிழைப்பைத் தொட வேண்டாம். அதுபோன்ற இடங்கள் ஜுவாராக் கரையில் வரிசையாகவே இருக்கின்றன; எதில் தங்கினாலும் நான் எழுதுவதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் போகும் வழி. தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தீவு. ஆனால் படகு ஏறுவது ஜோகூர் மாநிலத்து மெர்சிங்கில். என்னையும் தஞ்சாவூர்க்காரியையும் போல இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. அதற்கு முன்பெல்லாம் விசாவுக்கு அலைய வேண்டியிருந்ததாலேயே, ஆறு வருடம் சிங்கப்பூரில் இருந்தும் நான் மலேசியாவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டியதில்லை. விசா இல்லை என்றாலும் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால்தான் கணக்கு. தஞ்சாவூர்க்காரி ஆர்வத்தில் இரண்டு வாரம் முன்பே உட்கார்ந்து, ஏன் ஏற்க மாட்டேன் என்கிறது என்று என்னிடம் வந்து நின்றாள்.

ஜோகூர் பாருவிலிருந்து மெர்சிங் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். லார்க்கின் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. நாங்கள் அக்காவுக்குத் தெரிந்த ஒருவரின் வேனைப் பேசிக்கொண்டோம். வீட்டிலிருந்து அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பினோம். உட்லண்ட்ஸ் பாலத்தை வாரக் கடைசியிலோ பொது விடுமுறையிலோ கடக்க நினைக்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் பாலத்தில் மூன்று மணி நேரம் நிற்க நேரிடும். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை, அரை மணியில் இரண்டு பக்கமும் கடவுச்சீட்டுச் சோதனை முடிந்துவிட்டது. கோத்தா திங்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். நடுநடுவே யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகை. நான் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை மூடாமல் வந்தேன், பார்க்கவில்லை.

மெர்சிங்கில்தான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். அங்கே படகுத்துறை ஆற்றின் முகத்தில் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் முகத்துவாரத்தில் படகு தரை தட்டும். ஆகவே ஓதம் பார்த்துத்தான் படகு விடுகிறார்கள், நேரம் தினமும் மாறும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, கடல் வைத்த சட்டம். ஆனால் எங்களுக்கு இணையத்தில் சீட்டு விற்றவர் ஏழரை மணிக்குள் வந்துவிடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். படகு கிளம்பியது பத்தே முக்காலுக்கு. சீட்டுக் கூண்டுக்குள் இருந்த பெண், "இன்றைக்குப் பத்தே முக்கால் என்று நேற்றே தெரியுமே" என்றார். முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு வேலை முடித்து, தூங்காமலே கிளம்பி வந்தவள் தஞ்சாவூர்க்காரி. பையைத் தலைக்கு வைத்து பெஞ்சில் சுருண்டு படுத்துவிட்டாள். விடுப்பில் ஒவ்வொரு மணி நேரமும் எங்களுக்குக் கணக்கு. மூன்று மணி நேரத்தை ஒரு வரிச் செய்தியில் காப்பாற்றியிருக்கலாம். நீங்கள் போவதானால் முதல் நாள் சாயங்காலம் படகுத்துறைக்கே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும் படகின் நேரத்தையும் அப்படியே.

தீவைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட் கட்டணம், மலேசியரான அக்காவுக்கு அதைவிடக் குறைவு. பணமாகவே வைத்திருங்கள்.

படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குமட்டல் மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி முன்பே போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பின்பக்கம், நடு இருக்கை, பார்வை தூரத்துக் கோட்டில். எங்கள் படகில் ஒரு சீனக் குடும்பத்துப் பாட்டிக்கு முடியாமல் போக, நான்கு தாதியர் கூடவே இருந்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று. பிலிப்பைன்ஸ் தோழி கெந்திங் துறை வரும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

தியோமானின் ஊர்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில் இருக்கின்றன: கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங். படகு இந்தத் துறைகளைத் தொட்டுக்கொண்டே போகும். ஜுவாரா கிழக்குக் கரை. நடுவில் காடு மூடிய மலை. தெக்கெக்கில் இறங்கி நாற்சக்கர விசை உள்ள வண்டியில் மலையேறி மறுபக்கம் இறங்க வேண்டும். தலைக்கு 35 ரிங்கிட் கொடுத்தோம். சிமெண்ட் பாதைதான், ஆனால் சில திருப்பங்களில் முன்னால் வானம் மட்டும் தெரிகிறது. காட்டு வழியே நடந்தும் போகலாம், ஏழு கிலோமீட்டர் என்கிறார்கள். பையோடு அந்த ஏற்றத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தெக்கெக்கை விட்டுக் கிளம்பும் முன் அங்குள்ள ஏடிஎம்மில் வேண்டிய பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜுவாராவில் கிடையாது.

மலையிலிருந்து இறங்கியதும் தென்னை, அப்புறம் மணல், அப்புறம் தென்சீனக் கடல். கரையில் மொத்தமே இருபது பேர் இருந்திருப்பார்கள்.

எங்கள் குடிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே பதினெட்டே காலடி. எண்ணிப் பார்த்தேன். நால்வருக்கும் சேர்த்து ஒரே அறை, இரவுக்கு 220 ரிங்கிட். இரண்டு பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, கொசுவலை. விரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விரிப்பின் மூலையை மடித்துச் செருகியிருக்கும் விதத்தை வைத்தே ஒரு வார்டைச் சொல்லிவிடுவோம் நாங்கள். இங்கே மூலைகள் அவ்வளவு சீராக இருந்தன. வெயிலில் காய்ந்த வாசனை. விடுதிக்கார மாக்சிக்கே அத்தனையையும் துவைத்து வெளியே கயிற்றில் போடுகிறார். அறுபது வயதிருக்கும். மாக்சிக் என்றால் மலாயில் அத்தை, சித்தி மாதிரி ஒரு முறை. அவரை ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவர் கணவர் பாக்சிக் படகு பார்த்துக்கொள்கிறார்.

குறைகள் இவை. கொசுவலையில் உள்ளங்கை அளவு கிழிசல். அக்கா தன் பையிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினார். வெந்நீர் இல்லை. இரண்டாம் நாள் இரவு மின்சாரம் ஒன்றரை மணி நேரம் போயிற்று, ஏசி நின்றதும் அறை அடுப்பாகிவிட்டது. அதற்கு ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை, விளக்கும் கொடுக்கவில்லை. பெரியவர்களையோ குழந்தைகளையோ கூட்டிப் போகிறவர்கள் டார்ச் விளக்கை மறக்காதீர்கள். வைஃபை சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், அதுவும் நான்கு பேர் சேர்ந்தால் நின்றுவிடும். கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழவில்லை. பெண்கள் தங்கும் அறைக்கு அதை முதல் வேலையாகச் சரிசெய்ய வேண்டும். சொன்னதும் பாக்சிக் சுத்தியலோடு வந்து பத்து நிமிடத்தில் முடித்தார். நாங்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அப்புறம் மணல் ஈ. தியோமானுக்குப் போகிற யாரும் இதை லேசாக எடுக்கக் கூடாது. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, கடிக்கும்போதும் தெரியாது, மறுநாள் காலில் வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. ஒரு வாரம் அரிக்கும். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை முழங்கால்வரை தடவிக்கொண்டேன், தஞ்சாவூர்க்காரியும் தடவிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் ஒன்றிரண்டு கடியோடு போயிற்று. பிசுபிசுப்பு பிடிக்காது என்று தடவாத பிலிப்பைன்ஸ் தோழிக்குக் காலில் நாற்பத்தேழு. அக்கா எண்ணிச் சொன்னார். சொறிந்தால் புண்ணாகும், அலர்ஜி மாத்திரை ஒரு அட்டை கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம். இரவில் தேங்காய் மட்டைக் கரியில் மீனைச் சுட்டுத் தருகிறார்கள், இக்கான் பாக்கார். வாழையிலையில் வைத்து, மேலே சம்பால் என்கிற மிளகாய் விழுது, பக்கத்தில் புளியும் வெங்காயமும் கலந்த ஒரு தொடுகறி. நான் குளச்சல் பக்கத்துக்காரி. மீன் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. செவுளைப் பார்க்காமலே சொல்வேன், அது அன்று காலை பிடித்த மீன்.

தஞ்சாவூர்க்காரி சைவம். அவளுக்கு இங்கே கஷ்டம்தான். காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு என்றால் அதில் நெத்திலிக் கருவாடு. காங்கோங் கீரை வதக்கல் என்றால் அதில் பெலாச்சான், அதாவது இறாலைப் புளிக்கவைத்த விழுது. கண்ணுக்குக் கீரை மட்டும்தான் தெரியும். சைவம் என்று சொன்னால் அவர்களுக்குக் கோழி வேண்டாம் என்ற அளவில்தான் புரிகிறது. முதல் நாள் இரவு ஒரு வாய் வைத்ததுமே வாசனை தெரிந்து, தட்டை நகர்த்திவிட்டு அழுதாள். பசி, தூக்கமின்மை, எல்லாம் சேர்ந்த அழுகை. அக்கா எழுந்து சமையலறைக்கே போனார். மாக்சிக்கோடு மலாயில் பேசி, பெலாச்சான், நெத்திலி, இறால், சிப்பிச் சாறு என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவை எதுவும் கூடாது என்று புரியவைத்தார். மறுநாள் காலையில் அவளுக்கென்று தனி வாணலி. பூண்டும் பச்சை மிளகாயும் போட்ட கீரை, பொரித்த தெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி, வெறும் தேங்காய்ப்பால் சோறு. "பசியாறிட்டியாம்மா?" என்று அக்கா கேட்க, அவள் இரண்டாவது தட்டோடு நிமிர்ந்து பார்த்தாள். சைவக்காரர்கள் போகிறீர்கள் என்றால் "தக் நாக் பெலாச்சான், தக் நாக் இக்கான் பிலிஸ், தக் நாக் உடாங்" (பெலாச்சான் வேண்டாம், நெத்திலி வேண்டாம், இறால் வேண்டாம்) என்ற மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கூடவே இட்லிப் பொடி ஒரு டப்பா.

இனி கடல்.

குளச்சலில் பிறந்தவளுக்குக் கடல் என்ன புதிதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் கடல் ஆண்களுடையது. பையன்கள் பள்ளி விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிக் குதிப்பார்கள். நாங்கள் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அலை தொடும் இடத்தில் நிற்போம், யாராவது பெரியவர் பார்த்தால் அதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். தெரிந்த வீடுகள், கூடப் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அம்மா எங்களைக் கரைப் பக்கமே விடவில்லை. கடலோரத்திலேயே வளர்ந்து, முப்பது வயதுவரை கழுத்தளவு கடல் நீரில் நான் நின்றதில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலம் மற்ற மூவரும் இறங்கிவிட்டார்கள். நான் துண்டை வைத்துக்கொண்டு மணலில் இருந்தேன். பாக்சிக் படகில் ஏதோ முடிச்சுப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்திருக்கிறார். அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அவர் ஒரு மிதவை வளையத்தில் நீளக் கயிறு கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நேரே ஆழத்துக்குக் கூப்பிடவில்லை. கரையின் ஓரத்தில் பாறைகள் அலையைத் தடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது; அங்கே இடுப்பளவு நீரில் உட்காரச் சொன்னார். உயிர்காப்புச் சட்டையின் வாரை அவரே இழுத்துப் பார்த்தார். முகக்கண்ணாடியை மாட்டி, குழாயின் ரப்பரைப் பல்லால் கடித்து, வாயால் மட்டும் மூச்சு. தண்ணீருக்குள் முகத்தை வைத்த அந்த நொடியிலேயே நான் துள்ளி எழுந்துவிட்டேன். ஐந்து முறை அப்படி. ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒன்றே: "பெலான், பெலான்." மெதுவாக, மெதுவாக.

எங்கள் வார்டில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்போம். வலியில் மூச்சை இழுக்கவே பயப்படுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக இழுங்கள் ஐயா, மெதுவாக விடுங்கள் என்று நாளுக்கு இருபது முறை சொல்கிறவள் நான். ஆறாவது முறை முகத்தை வைத்தபோது எனக்கு என் குரலே கேட்டது. நான்கு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். குழாயில் காற்று போய் வருகிற சத்தம். அப்படியே இருந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் மணலில் வெயில் வலை மாதிரி ஆடுகிறது. மஞ்சளும் கறுப்புக் கோடுமாக விரலளவு மீன்கள், என் கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது பாக்சிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். முக்கால் மணி நேரம் என்று அக்கா சொன்னார். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கப்போனோம், வாங்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் படகிலேயே துலாய் தீவுக்குப் போனோம், தியோமானுக்கு வடமேற்கே. தலைக்கு 90 ரிங்கிட், சாப்பாடும் சேர்த்து. அங்கே கால் எட்டாது. கயிற்று வளையத்தைப் பிடித்தபடி நால்வரும் வரிசையாக மிதந்தோம். கீழே பவளம், மூளை மாதிரி ஒன்று, மான்கொம்பு மாதிரி ஒன்று. உதடு நெளிநெளியாக நீலமும் பச்சையுமாக ஒரு பெரிய சிப்பி, என் நிழல் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டது. கிளிமீன்கள் கிளிமூக்கு மாதிரியான அலகால் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது, முறுக்குக் கடிக்கிற மாதிரி. கொறித்ததைப் பொடியாக்கி வெளியே விடுகின்றன. நாம் நடக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான் என்று பாக்சிக் சொல்ல, அக்கா மொழிபெயர்த்தார். பவளத்தின் மேல் காலை ஊன்றக் கூடாது என்று பாக்சிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முள் நீண்ட கடல் முள்ளெலிகளும் அங்கே நிறைய, ஊன்றினால் நமக்கும் நல்லதில்லை.

உடை பற்றிப் பெண்கள் கேட்பார்கள், எனக்கும் கிளம்புமுன் அதுதான் பெரிய கேள்வி. ஜுவாரா மலாய் முஸ்லிம் கிராமம். அந்த ஊர்ப் பெண்களே முழுக்கைச் சட்டையும் முக்காடுமாக, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடலில் இறங்கிச் சிரித்துக் குளிக்கிறார்கள். பக்கத்திலேயே ஐரோப்பியப் பெண்கள் நீச்சல் உடையில். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஈரத் துணியோடு கரையேறி அறைக்கு நடந்து வரும்போது முதுகில் ஒரு பார்வை குத்தாமல் இருந்தது எனக்குப் புதிது. பருத்திச் சுடிதார் மட்டும் வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனமாகிக் காலைச் சுற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் லெக்கிங்ஸ், முழுக்கை விளையாட்டுச் சட்டை போதும். வெயிலுக்கும் அதுதான் காப்பு.

கரையின் தெற்கே ஜுவாரா டர்ட்டில் பிராஜெக்ட் இருக்கிறது. 2006இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் இரவில் கரையோரம் சுற்றி வந்து, ஆமை இட்ட முட்டைகளை எடுத்து வேலி போட்ட மணல் பாத்திக்கு மாற்றுகிறார்கள். இல்லாவிட்டால் உடும்பு தோண்டிவிடும், மனிதர்களும் எடுத்துப் போவார்கள். பேராமை ஒரு தடவையில் நூறு முட்டை போல இடும். பொரிய ஐம்பது, அறுபது நாள். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பது. சூடு கூடினால் பெண். ஒவ்வொரு குழிக்கும் தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டை குத்தியிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் தோழி பச்சிளங்குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். நாங்கள் வெளியே வந்து இளநீர் குடித்து முடித்த பிறகும் அவள் வேலியருகே நின்றிருந்தாள். அருவி, சுறா என்று பார்க்க இன்னும் நிறைய உண்டாம். நாங்கள் போகவில்லை. மாலையில் நால்வரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிட்டோம்; எங்களுக்கு அதற்குத்தான் நேரம் வேண்டியிருந்தது.

மொத்தச் செலவு ஆளுக்கு ஏறத்தாழ 270 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), வேன், படகு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகு குறையும், ஜுவாராப் பக்கம் பல விடுதிகள் அடைத்துவிடும். நட்சத்திர விடுதி வசதி எதிர்பார்ப்பவர்கள் இங்கே போகவேண்டாம், கோபம்தான் வரும். நீச்சல் தெரியாத, கடலுக்குப் பயந்த பெண்கள் கட்டாயம் போகலாம். ஆனால் விடுதியைப் பதிவு செய்வதற்கு முன், படகு ஓட்டுகிறவர் புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருவாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அறை எப்படி என்பதைவிட அது முக்கியம்.

திரும்பி வந்த அன்று இரவே அம்மாவோடு வீடியோவில் பேசினேன். சொல்வதா வேண்டாமா என்று படகிலேயே யோசித்துக்கொண்டு வந்தேன். மீன் சுட்டது, ஆமை முட்டை எல்லாம் சொல்லிவிட்டு, கடலில் இறங்கினேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.

"எவ்வளவு ஆழம் மக்களே?"

"கால் எட்டாதும்மா."

"கூட ஆளு இருந்தாங்களா?"

"கயிறு பிடிச்சிட்டு ஒருத்தர் இருந்தாரு."

அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். "உள்ள என்ன நிறமா இருக்கும்?" என்று கேட்டார்.